சம்பந்தி பேசும் இடத்தில் ஒரு சமரசர்: ரோமா மக்களும் இளவயதுத் திருமணமும்

ஐரோப்பாவின் மிகப் பெரிய சிறுபான்மை இனம் எது என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். விடை, ரோமா மக்கள். ஐரோப்பா முழுவதும் இவர்கள் 1 கோடி முதல் 1 கோடியே 20 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கதைகளிலும் திரைப்படங்களிலும் 'ஜிப்சி' என்று நாம் கேள்விப்பட்டவர்கள் இவர்கள்தாம். இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறந்த சொல் அது. அம்மக்களில் பலர் அதை இழிசொல்லாகவே கருதுவதால் இக்கட்டுரையில் இனி அதனைப் பயன்படுத்தப் போவதில்லை.

இவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். இதற்கு முதன்மையான சான்று அவர்களின் மொழியே. ரொமானி, இந்திய ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்று முதல் ஐந்து வரை 'யெக், துய், த்ரின், ஷ்தார், பஞ்ச்' என்று எண்ணுவார்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வந்தால் சொற்கள் கிரேக்கமாக மாறிவிடும். அவர்கள் நடந்து வந்த வழி அந்த எண்ணிக்கையிலேயே பதிந்து கிடக்கிறது. மொழி படிக்கும் நமக்கு இது ஒரு விருந்து. ஆனால் இக்கட்டுரை வேறொரு காரணத்திற்காக அவர்களின் சொற்களை நாடுகிறது.

அவர்களின் குடும்ப அமைப்பைப் புரிந்துகொள்ள நான்கைந்து சொற்கள் போதும். மணமகனின் பெற்றோரும் மணமகளின் பெற்றோரும் ஒருவருக்கொருவர் 'ஹனாமிக்'. அர்மீனிய மொழியிலிருந்து பெற்ற சொல் இது. ஆங்கிலத்தில் இவ்வுறவுக்கு ஒரு சொல் இல்லை. தமிழில் 'சம்பந்தி' என்று உடனே சொல்லிவிடுகிறோம். மருமகள் 'பொரி'. மரியாதை, குடும்ப கௌரவம் என்பதற்கு 'பகிவ்'. வெட்கம், மானக்கேடு என்பதற்கு 'லஜ்'. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'லஜ்ஜை'யும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மணமாகாத பெண் 'ச்சாய்', மணமானவள் 'ரோம்னி'. மணமாகாத ஆண் 'ச்சாவோ', மணமானவன் 'ரோம்'. கடைசியாகச் சொன்ன இணைகளைக் கவனிக்க வேண்டும். ஒருவரைப் பெரியவராக ஆக்குவது அங்கே வயதன்று, திருமணம். பதினெட்டு என்ற எண்ணை முன்வைத்துப் பேசப் போகும் அதிகாரி முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

செர்பியாவில் யுனிசெஃப் துணையுடன் 2019இல் நடத்தப்பட்ட ஆய்வில், ரோமா குடியிருப்புகளில் வாழும் 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 56 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள் எனத் தெரிய வந்தது. நாடு முழுவதற்குமான அளவு 6 விழுக்காடு. பதினைந்து வயதுக்கு முன்பே மணமான ரோமாப் பெண்கள் 16 விழுக்காட்டினர். ஆறில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'ரோமா வழக்கம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடவும் கூடாது. பின்லாந்தின் காலே எனப்படும் ரோமா பிரிவினரிடம் பழைய வழக்கப்படி திருமணச் சடங்கே கிடையாது. இளையர் இருவர் ஊரைவிட்டு ஓடிப்போய், சில காலம் கழித்துத் திரும்பி வருவார்கள். கல்டெராஷ் எனப்படும் செம்பு வேலைக்காரர்களின் வழித்தோன்றல்களிடம் மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் தருவார்கள். திரான்சில்வேனியாவில் வாழும் கொர்தொராரி பிரிவில் பணம் எதிர்த்திசையில் போகிறது: பெண் வீட்டார் சீதனம் தர, மணமகன் வீட்டின் பழைய வெள்ளிக் கிண்ணம் அவ்வுறவுக்கு அடமானம் போல நிற்கிறது. படித்து நகரத்தில் வாழும் ரோமா குடும்பங்கள் பலவற்றில் இவை எதுவுமே இல்லை. மேலே சொன்ன செர்பிய எண்களும் பெரும்பாலும் வறுமை மிகுந்த, ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளைப் பற்றியவை.

பின் ஏன் சிறு வயதிலேயே மணம் முடிக்கிறார்கள்? குடும்ப கௌரவம் என்பது முதல் விடை. பெண் பூப்படைந்த பிறகு அவளைப் பற்றி ஊர் ஒரு சொல் சொல்லிவிட்டால் அது 'லஜ்'. அவளுக்கு மட்டுமன்று, அவள் தங்கைகளுக்கும் சேர்த்து. அவள் யாரோடாவது ஓடிப்போய்விடுவாள் அல்லது யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ஆகவே, தொலைவிலுள்ள இடைநிலைப் பள்ளிக்குத் தனியே போய்வர வேண்டிய பருவத்தில் படிப்பு நிறுத்தப்படுகிறது. படிப்பு நின்றபின் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்த கட்டம் திருமணம்தான்.

'படிக்க வையுங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது. அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். செக் குடியரசில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் பெருமளவில் சேர்த்தது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. அத்தகைய பள்ளியில் எட்டாண்டுகள் உட்கார்ந்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று ஒரு தாய் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் அந்தத் தாய் அல்லள்.

அரசு கதவைத் தட்டினால்

சட்டத்தை நேராகப் பயன்படுத்தினால் என்ன, சமரசம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மால்டேவியாவிலும் வலாக்கியாவிலும் ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைமுறை அங்கே முறையே 1855, 1856ஆம் ஆண்டுகளில்தான் ஒழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா, ரோமா மக்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதைத் தடைசெய்து, அவர்களின் பிள்ளைகளைப் பிரித்து வேறு குடும்பங்களில் வளர்க்க ஆணையிட்டார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் லட்சக்கணக்கான ரோமா மக்களைக் கொன்றனர்; 1944 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு, அவுஷ்விட்ஸ் முகாமில் குடும்பங்களாக அடைக்கப்பட்டிருந்தவர்களில் எஞ்சியோர் அழிக்கப்பட்டனர். செக்கோஸ்லோவாக்கியாவில் ரோமாப் பெண்கள் அவர்களின் உண்மையான சம்மதமின்றிக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர்; அவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் செக் நாட்டில் 2021இல்தான் நிறைவேறியது.

திருமணம், பிள்ளைப்பேறு, குழந்தை ஆகிய மூன்றைப் பற்றியும் அரசு பேச வந்தபோதெல்லாம் இழப்பையே கண்ட மக்கள் இவர்கள். சமூகநல அதிகாரி கதவைத் தட்டினால், 'பிள்ளையைத் தூக்கிப் போக வந்திருக்கிறான்' என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். அந்தத் தோற்றத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ருமேனியா 2007இல் பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது; சிறப்புக் காரணம் இருந்தால் பதினாறு என்று ஒரு விலக்கும் வைத்தது. ஆனால் இளவயது ரோமா திருமணங்கள் பதிவு அலுவலகத்தின் பக்கமே போவதில்லை. உறவினர் முன்னிலையில், விருந்தோடு முடிந்துவிடும் மணத்தைப் பதிவாளரின் வயது வரம்பு எப்படித் தடுக்கும்? தடுக்காதது மட்டுமன்று, பின்னாளில் அந்தப் பெண்ணுக்கே அது இழப்பாகவும் முடிகிறது. கணவன் இறந்தால் ஓய்வூதியம் இல்லை. பிரிந்தால் சொத்தில் பங்கில்லை. ஸ்பெயினில் ரோமா முறைப்படி மணந்த ஒரு பெண், கணவர் இறந்தபின் மறுக்கப்பட்ட ஓய்வூதியத்துக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2009இல்தான் வெல்ல முடிந்தது.

சிபியூ நகரத்துத் திருமணம்

2003 செப்டம்பரில் ருமேனியாவின் சிபியூ நகரில் நடந்த ஒரு திருமணம் உலகச் செய்தியானது. ரோமா மக்களின் அரசர் என்று தம்மை அறிவித்துக்கொண்ட ஃப்லோரின் சியோபாவின் மகளுக்குத் திருமணம். (அதே நகரில் தம்மைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்ட இன்னொருவரும் இருந்தார் என்பதைச் சொன்னால், அப்பட்டங்களின் எடை புரியும்.) பெண்ணின் வயது பன்னிரண்டு என்றும் பதினான்கு என்றும் செய்திகள் மாறுபட்டன. மாப்பிள்ளைக்குப் பதினைந்து. மணப்பெண் தேவாலயத்திலிருந்து பாதியில் வெளியேறினாள். அவளைத் திரும்ப அழைத்து வந்து சடங்கை முடித்தார்கள்.

அந்நாளில் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சார்பில் ருமேனியாவைக் கண்காணித்து வந்த எம்மா நிக்கல்சன் கடுமையாகக் குரல் கொடுத்தார். அதிகாரிகள் விரைந்தனர், இருவரும் சட்டப்படியான வயதை எட்டும்வரை சேர்ந்து வாழக்கூடாது என்று ஆணை பிறந்தது. எல்லாம் விருந்து முடிந்தபின் நடந்தவை.

இந்நிகழ்வைப் பற்றி ரோமாப் பெண்ணியச் சிந்தனையாளர் அலெக்சாண்ட்ரா ஓப்ரியா 2005இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. ஒரு பக்கம், ரோமா தலைவர்கள் 'பண்பாடு' என்ற சொல்லால் பெண்பிள்ளையின் மறுப்பை மூடினார்கள். மறுபக்கம், ஊடகங்கள் அச்சிறுமியை ஓர் இனத்தின் பிற்போக்குத்தனத்துக்குச் சாட்சியாக நிறுத்தின. இரண்டுக்கும் நடுவில் அவள் காணாமல் போனாள். அரசனிடம் பேசினால் குடிகள் கேட்பார்கள் என்ற வெளியார் எண்ணமும் இந்நிகழ்வோடு ஆட்டம் கண்டிருக்க வேண்டும். ரோமா சமூகம் அப்படி ஒரு தலைமையின் கீழ் அமைந்ததே இல்லை.

கிரிஸ் என்னும் மன்றம்

ரோமா சமூகத்துக்குள்ளேயே வழக்குகளைத் தீர்க்கும் ஏற்பாடு உண்டு. கல்டெராஷ் போன்ற சில பிரிவுகளில் 'கிரிஸ்' என்ற மன்றம் கூடுகிறது. தீர்ப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மதிப்புக்குரிய முதியவர்கள் அமர்ந்து இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். சிறிய பிணக்குகளுக்கு 'திவானோ' என்ற பேச்சே போதும். நம்மவர்க்கு ஊர்ப் பஞ்சாயத்து நினைவுக்கு வரலாம். ஆனால் கிரிஸ் நிலையான மன்றமன்று. வழக்கு வந்தால் கூடும், முடிந்தால் கலைந்துவிடும்.

மணமுறிவும், கொடுத்த பரிசத்தில் எவ்வளவு திருப்பித் தருவது என்பதும் கிரிஸில் அடிக்கடி வரும் வழக்குகள். ஆக, திருமணத்தைப் பற்றிப் பேசுவதற்கான அதிகாரம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. முதியவர் ஒருவர் 'இந்த வயதில் கொடுத்தால் நாளை முறிந்து இங்கேதான் வந்து நிற்பீர்கள்' என்று சொன்னால், எந்த அதிகாரியின் துண்டறிக்கையையும்விட அது கனமானது. குறை எங்கே என்றால், கிரிஸில் வழக்காடுவோர் இரண்டு சம்பந்திகள். பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். யாருடைய திருமணமோ அவள் அங்கே ஒரு தரப்பே இல்லை.

சமரசர் செய்வது

1990களில் ருமேனியாவில் ரோமா வீடுகள் மீது கூட்டமாகச் சென்று தாக்கும் கொடுமைகள் நடந்தன. 1993இல் ஹதரேனி என்ற சிற்றூரில் ரோமா ஆடவர் மூவர் கொல்லப்பட்டு, வீடுகள் எரிக்கப்பட்டன. அதே ஆண்டு புக்காரெஸ்டில் தொடங்கப்பட்ட ரொமானி கிரிஸ் என்ற அமைப்பு, இரு தரப்பும் பேச ஆள் வேண்டும் என்பதை உணர்ந்து சமரசர்களைப் பயிற்றுவித்தது. பின்னர் அம்முயற்சி மருத்துவத்துறைக்கு விரிந்தது. 2002இல் ருமேனிய சுகாதார அமைச்சு 'ரோமா சுகாதாரச் சமரசர்' என்ற பணியை முறையாக ஏற்றது. இப்பணிக்குச் சமூகத்தின் உள்ளிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கேரியாவிலும் இத்தகைய சுகாதாரச் சமரசர்கள் 2007 முதல் ஒரு தேசியக் கூட்டமைப்பாக இயங்கினார்கள். ஐரோப்பிய மன்றம் 2011இல் 'ரோமெட்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பயிற்றுவித்தது.

சமரசர் என்றவுடன் அண்டை வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும், பள்ளிக்கும் தாய்க்கும் நடுவே போய்வருபவர். தடுப்பூசிக்கு நாள் சொல்வார்; பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அதைப் பெற்றுத் தருவார்; மருத்துவர் சொன்னதை ரொமானியில் விளக்குவார். திருமணத்தைப் பற்றி அவர் வாய் திறப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கலாம். அந்த ஆண்டுகள் வீணல்ல, அவைதாம் முதலீடு.

பேச்சு தொடங்கும்போதும் 'குழந்தை உரிமை' என்று தொடங்கினால் அன்றோடு கதவு மூடிவிடும். யாரிடம் பேசுவது என்பதே பாதி வேலை. தந்தை முடிவைச் சொல்பவர். ஆனால் முடிவு உருவாகும் இடம் பெரும்பாலும் பாட்டியும், வருங்கால மாமியாரும். அடுத்தது, 'வேண்டாம்' என்பதைவிட 'பிறகு' என்ற சொல் எளிதில் ஏற்கப்படுகிறது. சம்பந்திகள் கொடுத்த வாக்கை முறித்தால் இரு வீட்டாரின் பகிவும் போய்விடும். நாளைத் தள்ளிவைத்தால் போகாது. நிச்சயம் நிற்கட்டும், பெண் பள்ளியை முடிக்கட்டும் என்று கேட்பது இருவருக்கும் முகம் காக்கும் வழி. முகம் காக்க வழி தராத எந்தப் பேச்சும் அங்கே செல்லாது. பள்ளிக்குப் போகும் வழிதான் அச்சம் என்றால், பெண்களைக் கூட்டமாக அழைத்துப் போய்வர ஆள் ஏற்பாடு செய்வது ஒரு நாள் சொற்பொழிவைவிடப் பயன் தருகிறது.

பல்கேரியாவில் 2002 முதல் இயங்கிவரும் அமலிபே என்ற ரோமா அமைப்பு இவ்வழியில் நெடுநாள் உழைத்தது. ருமேனிய, கிரேக்க அமைப்புகளோடு சேர்ந்து அது செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. எல்லாப் பிரிவுகளிலும் வழக்கம் ஒன்றாக இல்லை என்பதையும், கல்வி ஏறஏற மண வயதும் ஏறுகிறது என்பதையும் அது காட்டியது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் 'மணப்பெண் சந்தை' என்று ஆண்டுதோறும் படம் பிடிக்கும் கலய்ஜி பிரிவினரின் ஒன்றுகூடலைவிட, அப்பிரிவுப் பெண்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்பதே அறிய வேண்டிய செய்தி என்பது என் கருத்து.

பேரம் பேசத்தக்கதா?

இங்கேதான் சிக்கலான கேள்வி வருகிறது. ரொமானி கிரிஸ் அமைப்பு 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வின் தலைப்பே அக்கேள்விதான்: குழந்தையின் உரிமைகள் பேரத்துக்கு உரியவையா? கிரினா மொர்டியானுவும் நிக்கொலேட்டா பிட்சுவும் இணைந்து எழுதியது அது. இருவருமே ரோமா உரிமைப் பணியில் ஊறியவர்கள் என்பதால் இக்கேள்வியை வெளியார் குற்றச்சாட்டு என்று ஒதுக்க வழியில்லை.

சமரசம் என்றால் விட்டுக்கொடுத்தல். பதின்மூன்று வயதில் நடக்கவிருந்த திருமணம் பேச்சுக்குப் பின் பதினாறில் நடந்தால், அதை வெற்றி என்று எழுதுவதா? மூன்று ஆண்டுப் படிப்பு அவளுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் பெரும்பான்மைச் சமூகத்துப் பெண்ணாக இருந்திருந்தால் அதே மூன்றாண்டை வெற்றி என்று எந்த அதிகாரியும் கோப்பில் குறித்திருக்க மாட்டார். இதற்கு எதிர்முனையில், புகார் வந்தும் 'அது அவர்கள் வழக்கம்' என்று கோப்பை மூடிவிடும் காவலரும் சமூகநல அதிகாரியும் இருக்கிறார்கள். இது பண்பாட்டு மதிப்பு போலத் தோன்றும், உண்மையில் கைகழுவல். சமரசர் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்பதே அவர்களுக்குக் கைகழுவ நல்ல சாக்காகவும் ஆகிவிடலாம்.

என் பார்வையில், சமரசத்துக்கு இடம் திருமணத்துக்கு முந்திய காலம். நிச்சயம் பேசப்படும்போது, படிப்பு நிறுத்தப்படும்போது, குடும்பம் இன்னும் இருமனமாக இருக்கும்போது அதற்கு நிகரான கருவி இல்லை. பெண் வற்புறுத்தப்பட்ட பின்னும், அடிபட்ட பின்னும், வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின்னும் இரு சம்பந்திகளை உட்கார வைத்துப் பேசுவது அவர்களின் கணக்கைத் தீர்ப்பதாகுமே தவிர அவளைக் காப்பதாகாது. அங்கே சட்டமும் குழந்தைகள் காப்பகமும் வர வேண்டும். இக்கோட்டைச் சமரசர் முதல் நாளே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது நேர்மை. ஒளித்து வைத்துப் பின்னர் புகார் செய்தால், அந்தத் தெருவில் அடுத்த தடுப்பூசிக்கும் ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் வேண்டும்: பெண்ணிடம் தனியே பேச வேண்டும். எளிதாகத் தோன்றும் இது உண்மையில் கடினம். ஓரறை வீட்டில், எட்டுப் பேர் நடுவில் தனிமை எங்கே கிடைக்கும்? சுகாதாரச் சமரசர்கள் பெண்களாக இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது. மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் வழியில், பேருந்தில், வரிசையில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் அவள் மனத்தில் உள்ளது வெளிவரலாம். அவளே மணம் செய்துகொள்ள விரும்புவதாகவும் சொல்லலாம்; வீட்டில் அடங்கிக் கிடப்பதைவிட 'பொரி' ஆவது ஓர் உயர்வாக அவளுக்குத் தோன்றலாம். அப்போது தள்ளிப்போடச் சொல்லும் வாதங்களை அவளிடமே வைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் செய்பவருக்கு நிலையான ஊதியம் உண்டா என்றால், பல இடங்களில் இல்லை. ருமேனியாவில் 2009இல் சுகாதாரச் சமரசர்களின் பொறுப்பு அமைச்சிடமிருந்து உள்ளூர் நகராட்சிகளுக்கு மாற்றப்பட்டபோது, சில ஊர்களில் அவர்களின் பணியிடங்கள் நின்றுபோயின. திட்ட நிதி இருக்கும்வரை சம்பளம், அது முடிந்தால் வேறு வேலை என்பதே பிற நாடுகளிலும் பலரின் நிலை. மூன்றாண்டுத் திட்டத்தில் முதல் இரண்டாண்டுகள் நம்பிக்கை பெறுவதிலேயே போய்விடும். அந்தத் தெருவில் அப்போது பத்து வயதாக இருந்த பெண்ணுக்குப் பதின்மூன்று ஆகும்போது, சமரசரின் பணி ஒப்பந்தம் முடிந்திருக்கும்.